பராமரிப்பவர் இனி வரமாட்டார்

தம்பி, உனக்கும் மருமகளுக்கும் பேரனுக்கும் என் ஸலாம்.

இதை உனக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம். ஃபோனில் பேசிப் பதிவுசெய்து அனுப்பினால் சீக்கிரம் முடிந்திருக்கும். ஆனால் உன்னைத் திட்டியவர்கள் எல்லோரும் பார்க்கிற இடத்தில் திட்டினார்கள். அதனால் நானும் எல்லோரும் பார்க்கிற இடத்திலேயே எழுதுகிறேன். உன்னைக் கேட்காமல் உன் சார்பில் நான் ஒரு காரியம் செய்துவிட்டேன். வேறு யாராவது சொல்லி நீ தெரிந்துகொள்வதற்குள் நானே சொல்லிவிட வேண்டும்.

முதலில் கண்ணைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், நீ எப்படியும் கேட்பாய். இடது கண்ணில் வெளிச்சம் மட்டும்தான். வலது கண்ணில் நடுவே ஒரு துண்டு தெரிகிறது, அதுவும் மழையில் நனைந்த கண்ணாடி வழியாகப் பார்ப்பதுபோல. தில்லைநகர் டாக்டர் இந்த முறை கண் அழுத்தம் பார்த்துவிட்டு மருந்தை மாற்றவில்லை. "இதையே போட்டுக்கிட்டு வாங்கம்மா" என்று சொல்லி, அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார். டாக்டர்கள் மருந்தை மாற்றுவதை நிறுத்தினால் அதற்கு என்ன அர்த்தம் என்பது அத்தா விஷயத்திலேயே எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும். அதனால் அதைப் பற்றி நாம் பேச வேண்டாம்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன். என் கணவரை, உன் அத்தாவை, அடக்கம் செய்த பிறகு நீ சென்னையிலிருந்து விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து பாலக்கரை வீட்டில் என்னோடு இருந்தாய். அப்போதே எனக்குப் பேப்பர் எழுத்துகள் புகைமூட்டமாகத் தெரிய ஆரம்பித்திருந்தன. பள்ளியில் பெண்பிள்ளைகளுக்கு வரலாறு நடத்திக் காலத்தைக் கழித்தவள் நான். படிக்காமல் ஒரு நாளைத் தள்ளுவது, அத்தா இல்லாமல் தள்ளுவதைவிடக் கஷ்டமாக இருந்தது. இதைச் சொன்னால் ஊர் என்ன நினைக்கும் என்று யாரிடமும் சொல்லவில்லை. நீ கண்டுபிடித்துவிட்டாய். உன் பழைய மடிக்கணினியில் லினக்ஸ் போட்டுக் கொடுத்தாய். எந்த முதலாளிக்கும் சொந்தமில்லாதது, உலகம் முழுக்கப் பலர் ஓய்வு நேரத்தில் சேர்ந்து செய்வது, அதில் பல வகைகள் உண்டு, இது அதில் ஒன்று என்று எனக்குப் புரிகிற மாதிரி விளக்கினாய். திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கும் வசதி அதில் இருந்தது. ஆனால் அது தமிழ் படித்த அழகு! வாழைப்பழத்தை வாலைப்பலம் என்றது. கடல், அகல், தங்கம் மூன்றிலும் வருவது ஒரே க தான். நாம் யோசிக்காமலேயே மூன்று விதமாகச் சொல்கிறோம். அதற்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை.

மத்தியானங்களில் நான் சமையலறையில் பூண்டு உரித்துக்கொண்டிருப்பேன், நீ எதிரே கணினியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். "அம்மா, பகல்னு சொல்லுங்க. இப்ப பக்கம். இப்ப பங்கு. மெதுவா." நான் சொல்லச் சொல்ல நீ ஏதோ தட்டுவாய். "என்னப்பா இது, எனக்கே பேச்சு மறந்துடும் போலிருக்கு" என்பேன். விடுப்பு முடிந்து போன பிறகும் ஃபோனில் அதே கதைதான். ஒருநாள் அது வாழைப்பழம் என்று நம் ஊர்க்காரர்கள் மாதிரியே சொன்னது. அத்தா போன பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். நீ அதைத் தொகுப்பாக்கி அந்த லினக்ஸ்காரர்களுக்கு அனுப்பினாய். அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். தமிழ்க் குரல் என்ற அந்தத் தொகுப்புக்குக் கீழே, பராமரிப்பவர் என்ற இடத்தில், அதாவது பழுது வந்தால் சரிசெய்ய வேண்டியவராக, உன் பெயர் வந்தது. எனக்கு அதைப் பெரிதாக்கிக் காட்டினாய். அப்போது எனக்கு அந்த அளவுக்குப் பார்வை இருந்தது.

சம்பத் சாரை உனக்கு ஃபோனில்கூடத் தெரியாது. ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதிப் பக்கம் இருக்கிறார். பிறவியிலேயே பார்வை இல்லை, வங்கியில் வேலை பார்க்கிறார். கண் ஆஸ்பத்திரியில் வரிசையில் உட்கார்ந்திருந்தபோது என் பையிலிருந்து கணினி தமிழில் பேசியதைக் கேட்டு, "யாரு அது? எந்த ஊர்க் குரல் அது?" என்று கேட்டவர் அவர்தான். அவரும் அதே லினக்ஸ், அதே தமிழ்க் குரல். அவர்தான் என்னை அந்தப் பயனாளர் மன்றத்தில் சேர்த்துவிட்டார். கணினியில் ஏதாவது கெட்டுப்போனால் அங்கே எழுதிக் கேட்பார்கள். தெரிந்தவர்கள் பதில் சொல்வார்கள். எது நல்லது, எது கெட்டது என்று அடித்துக்கொள்வார்கள். பள்ளிக்கூட ஆசிரியர் அறை மாதிரி இருந்தது எனக்கு. பராமரிப்பவர் என் மகன் என்று நான் அங்கே யாரிடமும் சொல்லவில்லை. பெருமையடித்துக்கொள்வதாக இருக்கும் என்று நினைத்தேன்.

பிறகு நீ கனடா போனாய், கல்யாணம், குழந்தை, பனி, வேலையை விட்டு எடுப்பார்களோ என்ற பயம். தமிழ்க் குரலைப் பற்றி நீ பேசுவது குறைந்தது. நானும் கேட்கவில்லை. ஓடிக்கொண்டிருக்கிற ஒன்றைப் பற்றி யார் கேட்பார்கள்?

போன ஆடியில் கணினி தன்னைப் புதுப்பித்துக்கொள்ளலாமா என்று கேட்டது, சரி என்றேன். மறுபடி திறந்தபோது பேப்பரைப் படிக்கச் சொன்னால், "டமில் லெட்டர், டமில் லெட்டர், டமில் லெட்டர்" என்றது. ஒவ்வொரு எழுத்துக்கும் அதையே சொன்னது. எழுத்தின் பெயர்கூட இல்லை. பேசிக்கொண்டிருந்த ஒருவர் பக்கவாதத்தில் விழுந்து ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்வதுபோல இருந்தது. சம்பத் சாருக்கு ஃபோன் போட்டேன்.

"உங்களுக்குமா? எனக்கும் அதான் டீச்சர். பேசற மென்பொருளோட அடிப்படையையே மாத்திட்டா. நம்ம தமிழ் அதோட ஒட்ட மாட்டேங்கறது. டெர்மினலைத் திறங்கோ, அந்தக் கட்டளை அடிக்கற ஜன்னல். நான் சொல்றதை அப்படியே அடிக்கணும்."

"அடிக்கறேன் சார். ஆனா சரியா அடிச்சேனான்னு எப்படிப் பார்க்கறது?"

"இங்கிலீஷ் படிக்கும், அதை வச்சுண்டுதான். ஒவ்வொரு எழுத்தா படிக்கச் சொல்லுங்கோ."

மத்தியானத்தில் ஆரம்பித்து, சாயங்கால அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் வரை ஆனது. பழைய பதிப்பைத் திரும்பக் கொண்டுவந்து, அதைப் புதுப்பிக்கக் கூடாது என்று கட்டிப்போட்டோம். தமிழ் திரும்பி வந்தது. "இது தற்காலிகம்தான் டீச்சர். அடுத்த பெரிய பதிப்புல இந்தக் கட்டு நிக்காது" என்றார். குரல் வந்ததும் மன்றத்தைப் படிக்கச் சொன்னேன். அங்கேதான் உன்னைத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

பிழை பற்றிப் பலர் உனக்கு எழுதியிருந்தார்கள், நீ யாருக்கும் பதில் சொல்லவில்லை. ஒருவர் "பேரைப் போட்டுக்கிட்டு ஓடிட்டான்" என்று எழுதியிருந்தார். இன்னொருவர் "வெளிநாட்டு வேலை வாங்கறதுக்காகச் செஞ்சிருப்பான், வாங்கியாச்சு, இனி எதுக்கு நாம" என்றார். இலவசமாக வாங்கிக்கொண்டு திட்டக் கூடாது என்று சிலர் உனக்காகப் பேசினார்கள். முடியாவிட்டால் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்று அவர்களுக்குப் பதில் வந்தது. பெரிய கம்பெனிக் குரல்கள் தேன் மாதிரி இருக்கின்றன, இந்தத் தகரக் குரல் எதற்கு என்றார் ஒருவர். சம்பத் சார் அவரை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார்: இணையம் இல்லாவிட்டால் உங்கள் தேன் ஊமை, நான் எழுதும் ஒவ்வொரு வரியும் எவனோ ஒருவனின் கம்பெனிக் கணினிக்குப் போய்வர வேண்டுமா என்று. அதே மூச்சில் உன்னையும் எழுதியிருந்தார். பார்வையில்லாதவர்களுக்குக் கைகொடுத்துத் தெருவின் நடுவில் விட்டுவிட்டுப் போன ஆள் என்று.

எல்லாவற்றையும் நீ செய்த குரல்தான் எனக்குப் படித்துக் காட்டியது. ஏற்ற இறக்கம் இல்லாமல், வானிலை அறிக்கை மாதிரி. உன்னைத் திட்டிய சொற்களில்கூட உச்சரிப்பு சுத்தமாக இருந்தது. ஒவ்வொரு ழகரமும் நாம் இரண்டு பேரும் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தபடியே வந்தது. நான் நிறுத்தவில்லை. கடைசிவரை கேட்டேன்.

மறுநாள் உன் பழைய பதில்களைத் தேடிப் படித்தேன். நீ நன்றாக எழுதியிருந்தாய், தம்பி. ஆரம்பத்தில் ஒவ்வொருவருக்கும் பொறுமையாக, "வணக்கம், பிழையைச் சொன்னதற்கு நன்றி" என்று. ஒருவர் ஒரே கேள்வியை நாள்தோறும் கேட்டிருந்தார். நீயும் நாள்தோறும் சொல்லியிருந்தாய். இன்னொருவர் நீ தமிழனே இல்லை, உன் மதத்துக்காரர்களுக்குத் தமிழ் எதற்கு என்று எழுதியிருந்தார். அதை யாரோ நீக்கியிருந்தார்கள், ஆனால் அதற்கு நீ எழுதிய பதில் அங்கேயே இருந்தது: "என் அம்மாவுக்காகச் செய்தேன்." அதற்குப் பிறகு உன் பதில்கள் சின்னதாகிக்கொண்டே போயின. கடைசியில் "பார்க்கிறேன்". பிறகு ஒன்றுமில்லை. அதெல்லாம் நடந்த நாட்களில் நீ என்னிடம் ஃபோனில், சாப்பிட்டீங்களா, மருந்து போட்டீங்களா என்று பேசிக்கொண்டிருந்திருக்கிறாய்.

உன்னிடம் கேட்டேன். "பார்க்கறேன்மா" என்றாய். திரும்பவும் கேட்டேன், திரும்பவும் அதையே சொன்னாய். மூன்றாவது முறை நான் சம்பத் சாரைப் பற்றியும், குரல் போய்விட்டால் என் நிலைமையைப் பற்றியும் கொஞ்சம் அழுத்திப் பேசிவிட்டேன். அந்தப் பக்கம் குழந்தை ஏதோ பொம்மையைத் தரையில் தட்டிக்கொண்டிருந்தான்.

"அம்மா, என்னால அதைத் திறந்தே பார்க்க முடியலம்மா. அந்த மெயில் வந்தாலே எழுந்து போயிடறேன். ஆபீஸ் வேலை வருது, இது மட்டும் வரமாட்டேங்குது. உங்களுக்குப் புது ஃபோன் அனுப்பறேன், அதுல நல்லாப் பேசும். இதை விட்டுடுங்கம்மா."

"சரிப்பா, விட்டுட்டேன்" என்றேன். அதற்குப் பிறகு உன்னிடம் நான் கேட்கவில்லை. ஃபோன் வந்தது. நல்ல பொண்ணு மாதிரிப் பேசுகிறது. அதோடு எனக்குப் பழக்கம் வரவில்லை.

சம்பத் சாரிடம் மறைத்துக்கொண்டு அவரோடு பேசுவது எனக்குத் தாங்கவில்லை. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஒன்றாம் நம்பர் பஸ் ஏறி ஸ்ரீரங்கம் போனேன். ராஜகோபுரத்தில் இறங்கி, கேட்டுக் கேட்டு வீட்டைக் கண்டுபிடித்தேன். "வாங்கோ டீச்சர், தனியாவா வந்தேள்?" என்றார். அவர் மனைவி காபி கொடுத்தார். கொடுத்த உடனே சொல்லிவிட்டேன், சார், அந்தப் பராமரிப்பவர் என் மகன் என்று. உன்னால் அதைத் திறக்கவே முடியாததையும் சொன்னேன். அவர் டம்ளரைக் கீழே வைக்கவில்லை. மெதுவாகக் குடித்து முடித்தார்.

"உங்க பிள்ளைன்னு தெரிஞ்சிருந்தா அப்படி எழுதியிருக்க மாட்டேன்" என்றார். டம்ளரை மனைவியிடம் நீட்டிவிட்டு, "ஆனா தப்பா எழுதலை டீச்சர். நான் தெரு நடுவுலதான் நிக்கறேன்" என்றார்.

"தெரியும் சார். நானும் அங்கதான் நிக்கறேன்."

"அவருக்குப் பதிலா யாராவது எடுத்துக்கலாமே. எத்தனை பேரைக் கேட்டாச்சு? ஒருத்தனுக்குத் தமிழ் தெரியறது, அந்தப் புது நிரல் புரியலை. இன்னொருத்தனுக்கு நிரல் புரியறது, ழ வராது." சிரித்தார். அவர் மனைவியும் சிரித்தார்.

இதற்கிடையில் லினக்ஸ் வெளியீட்டைக் கவனிக்கும் குழுவிலிருந்து அறிவிப்பு வந்தது. பராமரிப்பவர் பதில் சொல்லாவிட்டால் அடுத்த பதிப்பிலிருந்து தமிழ்க் குரலை எடுத்துவிடுவோம் என்று. எழுதியவர் ஐரோப்பாக்காரர் போலிருக்கிறது, மரியாதையாகத்தான் எழுதியிருந்தார். உங்கள் கஷ்டம் புரிகிறது, உடைந்ததை உள்ளே வைத்து எல்லோருக்கும் அனுப்ப எங்களால் முடியாது என்று. அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. அதற்குக் கீழே விவாதம் கொழுந்துவிட்டு எரிந்தது. பொறுங்கள், அவர் வருவார் என்று பாதிப் பேர். வரவே மாட்டான் என்று பாதிப் பேர். ஒருவர் உன் ஆபீஸ் எது என்று கண்டுபிடித்துவிட்டதாக எழுதினார். அங்கேயே எழுதிக் கேட்கலாமா, அப்போதாவது வாயைத் திறப்பானா என்று. அதற்குச் சிலர் ஆமாம் போட்டார்கள்.

அன்றைக்குச் செல்வியும் துறையூரிலிருந்து எனக்கு ஃபோன் பண்ணினாள், மன்றத்தில் பழக்கமானவள். பச்சைமலையில் ஒரு மலைக்கிராமத்துப் பெண், பார்வை இல்லை, அரசாங்க வேலைப் பரிட்சைக்குப் படிக்கிறாள். அங்கே சிக்னல் கிடையாது, பஸ்ஸும் எப்போதாவதுதான். துறையூருக்கு இறங்கி வரும்போது பாடங்களைக் கணினியில் ஏற்றிக்கொண்டு போய் உன் குரலில்தான் படிக்கிறாள். அப்படி வந்த இடத்தில் தெரியாமல் புதுப்பித்துவிட்டாள், அவளுக்குத் தமிழ் போய்விட்டது. "டீச்சர், அந்த அண்ணன் எப்ப சரி பண்ணுவாங்க? பரிட்சைக்குள்ள பண்ணிடுவாங்கல்ல?" என்று கேட்டாள். பார்க்கிறேன் என்ற சொல் வாய்வரை வந்துவிட்டது. நீ சொன்ன அதே சொல். அதைச் சொல்லவில்லை. "இல்லம்மா. பண்ண மாட்டாங்க. நீ வேற வழி பாரு" என்றேன். அவள் அழுதாளா என்று தெரியாது, லைன் போய்விட்டது. மறுபடி லைன் கிடைத்தபோது சம்பத் சார் ஃபோன் வழியே அவளுக்கும் பழையதைத் திருப்ப முயன்றார். அவள் ஒன்று தட்ட அது ஒன்று ஆகி, இப்போது அந்தக் கணினி ஆங்கிலமும் பேசுவதில்லை. அடுத்த முறை மலையிறங்கும்போது இங்கே கொண்டுவந்து கொடுத்தால் பார்க்கலாம் என்றார். அவள் இன்னும் வரவில்லை.

செல்விக்குச் சொன்னதை எல்லோருக்கும் சொல்ல வேண்டும் என்று அன்றே முடிவு செய்தேன். மன்றத்தில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதினேன்: "நான் பராமரிப்பவரின் தாய். இந்தக் குரலை வைத்துத்தான் படிக்கிறேன், எழுதுகிறேன். என் மகனால் இனி இதைச் செய்ய முடியாது. அவன் இனி வரமாட்டான், அவனுக்காகக் காத்திருக்க வேண்டாம், அவனைத் தேட வேண்டாம். வேறு யாராலும் முடிந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். முடியாவிட்டால் நீக்கிவிடுங்கள்." அனுப்புவதற்கு முன் கணினியை இரண்டு தரம் படிக்கச் சொன்னேன். அது தன்னைப் பற்றித்தான் படிக்கிறது என்று தெரியாமல் படித்தது.

சிலர் மன்னிப்புக் கேட்டார்கள். உன் ஆபீஸைக் கண்டுபிடித்தவர் தன் வரியை அழித்துவிட்டார். ஒருவர் நீங்கள் தாய்தான் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டார். அவரை மற்றவர்கள் அடக்கினார்கள். யாரும் எடுத்துக்கொள்ள வரவில்லை. அந்த ஐரோப்பாக்காரர் எனக்கு நன்றி சொல்லி, வருந்துகிறேன் என்று சொல்லி, தமிழ்க் குரலை நீக்கிவிட்டு விவாதத்தை மூடினார். சம்பத் சார் ஃபோன் செய்தார். "நீங்க எழுதாம இருந்திருந்தா, எடுக்கறதை இன்னும் ஒரு பதிப்பு தள்ளியிருப்பா டீச்சர்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னார். இப்போது அவர் மன்றத்துக்கு வருவதில்லை. ஆபீஸில் வேறு ஏதோ பழகிக்கொண்டிருக்கிறார்.

நான் செய்தது சரியா என்று எனக்குத் தெரியவில்லை, தம்பி. உன்னைக் காப்பாற்ற ஒரு பெண்ணின் பரிட்சையைக் கெடுத்தேனா, கெட்டுப்போனதைக் கெட்டுப்போனது என்று சொன்னேனா? இரண்டு விதமாகவும் தோன்றுகிறது. என் கணினியை இணையத்திலிருந்து எடுத்துவிட்டேன், அது தன்னைப் புதுப்பித்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக. ஏற்கெனவே உள்ளே இருக்கும் புத்தகங்களையும் குர்ஆன் தமிழாக்கத்தையும் படிக்கிறது. உள்ளே டிஸ்க் கரகரவென்று சத்தம் போடுகிறது. பழுது பார்ப்பவர், "ஓடற வரைக்கும் ஓட்டுங்கம்மா" என்றார். இந்தக் கடிதத்தை அதில்தான் எழுதுகிறேன். நான் அடிக்கும் ஒவ்வொரு எழுத்தையும் சொல்லிக்கொண்டே வருகிறது. பக்கத்து வீட்டுப் பெண் இதை எடுத்துப்போய் மன்றத்தில் போட்டுவிட்டு, உன் ஃபோனுக்கும் அனுப்புவாள்.

உனக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. ஒரு வேலையை விடுவதில் தப்பில்லை. முடியாமல் போவதிலும் தப்பில்லை, திறக்கவே முடியாவிட்டால் யார் என்ன செய்ய முடியும்? ஆனால் உன் மகன் பெரியவனாகி உன்னிடம் எதையாவது கேட்கும்போது, பார்க்கிறேன் என்று சொல்லாதே. முடியும் என்றால் முடியும் என்று சொல். முடியாது என்றால் அதையும் அவன் முகத்தைப் பார்த்துச் சொல். அவன் அழுதுவிட்டு வேறு வழி தேடுவான். காத்திருக்க வைப்பதுதான் கொடுமை. அதை நான் இரண்டு பக்கமும் இருந்து பார்த்துவிட்டேன்.

நீ அந்த மன்றத்துக்குப் போய்ப் பார்க்க வேண்டாம். பராமரிப்பவர் என்ற இடத்தில் உன் பெயர் இப்போது இல்லை. அங்கே உன்னை இனி யாரும் கூப்பிட மாட்டார்கள். நான் கூப்பிடுவேன், ஞாயிற்றுக்கிழமை, உனக்கு விடிந்த பிறகு. எடுக்க மனமில்லாவிட்டால் மனமில்லை என்று சொல்லிவிடு, வைத்துவிடுகிறேன்.

துஆவுடன்,
அம்மா